கியாரி என்று ரிப்போர்ட் வந்தால் இடுப்புப் பக்கமும் பாருங்கள்

இருமினால், தும்மினால், முக்கினால் பின்மண்டையில் சுரீரென்று வலி. அதே ஆளுக்குச் சிறுநீரை அடக்க முடியாத தொல்லையும் இருக்கும். முதலாவதற்கு நரம்பியல் மருத்துவர், இரண்டாவதற்குச் சிறுநீரக மருத்துவர் என்று அலைவார்கள். இரண்டையும் சேர்த்து யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். முதலாவது கியாரியின் அறிகுறியாக இருக்கலாம், இரண்டாவது தண்டுவடம் கீழே இழுபடுவதால் வரலாம்.

சிறுமூளையின் அடிநுனிகள் மண்டையோட்டின் அடித்துவாரத்தைத் தாண்டி 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் கழுத்துக்குள் இறங்கியிருந்தால் அது கியாரி முதல் வகை. இரண்டாம் வகையில் மூளைத்தண்டும் சேர்ந்தே இறங்கும். முதுகு திறந்த நிலையில் பிறக்கும் ஸ்பைனா பிஃபிடா குழந்தைகளுக்கு வருவது இது. பிராகாவில் பணியாற்றிய நோயியலாளர் ஹான்ஸ் கியாரி 1891-இல் இவற்றை வகைப்படுத்தினார்.

தண்டுவடத்தின் நுனி வழக்கமாக முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில் முடியும். அதற்குக் கீழே ஃபைலம் என்ற நூல் போன்ற இழை போகிறது. அது 2 மி.மீ.க்கு மேல் தடித்தாலோ, அதில் கொழுப்பு ஏறினாலோ நெகிழ்ச்சி குறைந்துவிடும். குனியும்போதும், பிள்ளை கிடுகிடுவென வளரும் வயதிலும் தண்டுவடம் இழுபடும். அதன் ரத்த ஓட்டம் குறைந்து செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதும் தடைபடும். டெதர்ட் கார்ட் என்பது இதுதான். கால்வலி, பாதம் வளைதல், மலச்சிக்கல், பகலிலும் உடை நனைதல் எல்லாம் இதனால் வரலாம்.

தண்டுவடம் கீழே இழுத்துப் பிடிக்கப்பட்டிருப்பதால் மேலே மூளை இறங்கிக் கியாரி வருகிறது என்ற விளக்கம் கேட்க எளிது. ஆனால் தண்டுவடத்தை இருபுறமும் சிறு தசைநார்கள் வரிசையாகப் பிடித்து நிற்கின்றன. கீழிருந்து வரும் இழுவை சில மட்டங்களிலேயே அடங்கிவிடும். ஸ்பைனா பிஃபிடாவில் காரணம் வேறு. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீர் திறந்த முதுகு வழியே கசிவதால் கருவின் பின்மண்டை அறை சரியாக விரிவதில்லை. இடம் போதாமல் சிறுமூளை கீழே இறங்குகிறது. 2011-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், 26 வாரத்துக்கு முன் கருப்பையிலேயே முதுகை மூடிய குழந்தைகளில் இந்த இறக்கம் குறைந்திருந்தது. மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் குழாயான ஷன்ட் தேவைப்பட்டவர்களும் குறைந்தார்கள். கசிவை அடைத்ததில் கிடைத்த பலன் அது. பிறந்த பின் முதுகை மூடினாலும் தழும்பு ஒட்டிக்கொள்ளும். அதனால் இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடம் ஒட்டியபடியே தெரியும். படத்துக்காக அறுவை செய்வதில்லை. நடை, சிறுநீர், முதுகு வளைவு மோசமானால்தான்.

முதல் வகைக் கியாரி உள்ள சிலருக்கு ஃபைலத்தில் கொழுப்பும் இருப்பது உண்மை. அதனால் மூளை, முழு முதுகுத்தண்டு இரண்டையும் எம்.ஆர்.ஐ. எடுப்பது நல்லது, தண்டுவடத்துக்குள் நீர்க்குழி இருந்தாலும் அதில் தெரிந்துவிடும். கையில் சூடு பட்டும் உறைக்காமல் போவது அந்தக் குழியின் அறிகுறியாக இருக்கலாம், அப்படிப்பட்டவர்கள் இந்த ஸ்கேனைத் தள்ளிப்போடவே கூடாது. ஆனால் தண்டுவட நுனி சரியான இடத்தில், ஃபைலமும் சாதாரணமாக இருக்க, கியாரி சரியாகும் என்று சொல்லி ஃபைலத்தை வெட்டுவதை ஏற்பதற்கில்லை.

படுத்தால் குறைந்து எழுந்து உட்கார்ந்தால் கூடும் தலைவலி என்றால், எங்கோ தண்டுவட நீர் கசிந்து மூளை தொய்ந்திருக்கலாம். ஸ்கேனில் அதுவும் கியாரி போலவே தெரியும். அதைக் கியாரி என்று நினைத்து, கியாரிக்குச் செய்யும் அறுவையாகப் பின்மண்டை எலும்பை எடுத்தால் நிலைமை மோசமாகும்.

ஷன்ட் வைத்த பிள்ளைக்குப் புதிதாக மூச்சுத் திணறலோ, விழுங்குவதில் சிரமமோ, கால் பலவீனமோ வந்தால் முதலில் ஷன்டைத்தான் சோதிக்க வேண்டும். அடைபட்ட ஷன்ட் கியாரி போலவும் காட்டும், டெதர்ட் கார்ட் போலவும் காட்டும். பழைய ஸ்கேன் படங்களைக் கையோடு கொண்டுபோங்கள். ஒப்பிட்டால்தான் மாற்றம் தெரியும்.

பச்சிளங்குழந்தையைக் குளிப்பாட்டும்போது முதுகைப் பாருங்கள். ஆசனவாயிலிருந்து 2.5 செ.மீ.க்குள் இருக்கும் சிறு குழி பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அதற்கு மேலே இருந்தாலோ, 5 மி.மீ.க்கு மேல் அகலமாக இருந்தாலோ, முடிக்கற்றை, கொழுப்புக்கட்டி, சிவந்த மச்சம் தெரிந்தாலோ காட்டிவிடுங்கள். முதல் சில மாதங்களுக்கு அல்ட்ராசவுண்டிலேயே தண்டுவடம் தெரியும். எலும்பு கெட்டியான பிறகு எம்.ஆர்.ஐ.தான்.

கியாரி, டெதர்ட் கார்ட் இரண்டில் எது இருந்தாலும், கர்ப்பிணிகள் பிரசவத்துக்கு முன்பே மயக்க மருத்துவரிடம் ஸ்கேனைக் காட்ட வேண்டும். முதுகில் ஊசி போடும் மட்டம் வரை தண்டுவடம் இறங்கியிருந்தால் ஊசி அதிலேயே படலாம். கியாரி உள்ளவருக்கு ஊசித்துளை வழியே நீர் கசிந்தால் சிறுமூளை மேலும் இறங்கலாம்.