சுமை ஏறினால் சொல்லிவிடும் கான்கிரீட்

1986 மார்ச் 15ஆம் தேதி, சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருந்த ஹோட்டல் நியூ வேர்ல்ட் கட்டடம் இடிந்து விழுந்தது. 33 பேர் இறந்தார்கள். இடிபாடுகளில் இருந்து 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். வடிவமைப்புக் கணக்கில் கட்டடத்தின் சொந்த எடையே சேர்க்கப்படவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. தாங்க முடியாத எடையை அந்தத் தூண்கள் ஆண்டுக்கணக்கில் தாங்கியிருக்கின்றன. உள்ளே ஏறிக்கொண்டிருந்த அழுத்தத்தை அளக்க எதுவும் இல்லை.

இப்போது குடியிருப்புக் கட்டடங்களைப் பொதுவாக 10 ஆண்டுக்கு ஒரு முறையும், மற்றவற்றை 5 ஆண்டுக்கு ஒரு முறையும் பொறியாளர் சோதிக்க வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அந்தச் சோதனை கண்ணால் பார்ப்பதில்தான் தொடங்குகிறது. கண்ணில் படும் விரிசலுக்கு முன்பே உள்ளே நிறைய நடந்து முடிந்திருக்கும். அதைக் கான்கிரீட்டே சொல்லிவிட்டால் எப்படி இருக்கும்? அதற்கான வழி உண்டு, அதன் அடிப்படையும் எளிமையானது.

முதலில் வலிமை. வழக்கமான கான்கிரீட் 30, 40 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தைத் தாங்கும். தண்ணீரை வெகுவாகக் குறைத்து, சிமெண்டைவிடப் பல மடங்கு நுண்ணிய சிலிகா தூளைக் கலந்து துளைகளை அடைத்துவிட்டால் 120, 150 மெகாபாஸ்கலைக்கூடத் தாண்டலாம். இவ்வளவு இறுகிய கான்கிரீட்டுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு: உடையும்போது முன்னறிவிப்பே இல்லாமல் வெடித்துச் சிதறும். அதனால்தான் 0.2 மில்லிமீட்டர் தடிமனும் 13 மில்லிமீட்டர் நீளமும் உள்ள எஃகு இழைகளைக் கொள்ளளவில் சுமார் 2 விழுக்காடு சேர்க்கிறார்கள். ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 157 கிலோ. விரிசல் விடும் இடத்தில் இந்த இழைகள் இரு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கின்றன. ஒரே பெரிய பிளவுக்குப் பதிலாக முடிபோன்ற விரிசல்கள் பல தோன்றும். கான்கிரீட் உடனே உடையாமல் கொஞ்சம் நீண்டு கொடுக்கும்.

சரி, அந்த இழை எஃகுதானே? மின்சாரம் பாயும். இங்கிருந்துதான் விஷயம் சுவையாகிறது.

காய்ந்த கான்கிரீட்டில் மின்சாரம் எளிதில் போகாது. மின்கடத்தும் இழைகளைக் கொஞ்சமாகப் போட்டாலும் பெரிய மாற்றம் வராது. ஆனால் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் மின்தடை சடாரென்று இறங்கிவிடும். தீபாவளிக்கு முந்தைய இரவு லிட்டில் இந்தியாவின் தேக்கா கூட்டத்தில் ஒரு பொட்டலத்தைக் கைமாற்றி மறுகோடிக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆள் குறைவென்றால் அது பாதியில் நின்றுவிடும். நெருக்கம் போதுமென்றால் யாரும் நகராமலே போய்ச் சேரும். இழைகளுக்கு இடையிலும் அப்படித்தான் பாதை உருவாகிறது. எஃகுக்குப் பதில் நானோ குழாய்கள் போன்ற மிக நுண்ணிய கார்பனைக் கலந்தால், அவை ஒன்றையொன்று தொட வேண்டும் என்றுகூட இல்லை. சில நானோமீட்டர் இடைவெளியை எலக்ட்ரான்கள் ஊடுருவிக் கடந்துவிடும். அந்த இடைவெளி இம்மியளவு கூடினாலும் மின்னோட்டம் மளமளவென்று குறையும்.

தூணின் மேல் சுமை ஏறினால் இழைகள் நெருங்கும், மின்தடை குறையும். இழுவிசை வந்தால் விலகும், மின்தடை ஏறும். சுமையை எடுத்ததும் பழைய அளவுக்கே திரும்பினால் கவலையில்லை. திரும்பாமல் நின்றுவிட்டால், உள்ளே ஏதோ நிரந்தரமாக உடைந்திருக்கிறது. சுமையையும் சேதத்தையும் இப்படிப் பிரித்துச் சொல்ல முடிவதுதான் இதன் பெரிய பலம் என்பேன். அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் டெபோரா சங்கும் உடன் ஆய்வாளர் ஒருவரும் 1993இல் கார்பன் இழை கலந்த கான்கிரீட்டில் இதை எடுத்துக் காட்டினார்கள். ஒரு பொருள் எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்று மின்தடையைக் கொண்டு அளக்கும் சாதாரண உலோகத் திரிபுமானியின் உணர்திறன் எண் சுமார் 2. கார்பன் இழைச் சிமெண்டில் அது நூற்றுக்கணக்கில் போனதாக ஆய்வுகள் உண்டு.

இழையை அள்ளிப் போட்டால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. பாதைகள் அளவுக்கு மிஞ்சிவிட்டால், சில அறுந்தாலும் மின்தடை அசையாது, உணர்திறன் மழுங்கிவிடும். எஃகு இழை மட்டும் போட்டால் பல நேரம் சைகை மங்கலாகவே இருக்கிறது. அதனால் வலிமைக்கு எஃகு, உணர்வுக்குக் கார்பன் என்று இரண்டையும் கலந்து பார்க்கிறார்கள். கார்பன் நுண்ணியதாக இருப்பதால் கலக்கும்போது திரண்டு கட்டியாகிவிடும். கட்டி இருக்கும் இடம் வலுவிழந்த இடம்.

அப்புறம் ஈரம். துளைகளில் உள்ள நீரில் அயனிகள் ஓடி மின்தடையை மாற்றும். ஒரு நல்ல மழை, சுமை ஏறியதைப் போலவே காட்டிவிடக்கூடும். நேர் மின்னோட்டம் கொடுத்தால் அயனிகள் முனைகளில் குவிந்து அளவு நகர்ந்துகொண்டே போகும் என்பதால், மாறு மின்னோட்டம் கொடுக்கிறார்கள். வெளி இரண்டு மின்முனைகளில் மின்சாரம், உள் இரண்டில் மின்னழுத்த அளவீடு என்று நான்கு முனைகள் வைப்பதும் உண்டு. முனை ஒட்டும் இடத்தின் தடை அப்போது கணக்கில் சேராது.

வெப்பநிலையும் மின்தடையை மாற்றும். அந்த வகையில் நம் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது: பனி உறைவதில்லை, ஆண்டு முழுக்க வெப்பநிலை பெரிதாக ஏறி இறங்குவதும் இல்லை. ஈரம்தான் இங்கே எதிரி. இறுகிய உயர்வலிமைக் கான்கிரீட் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது என்பதால், சாதாரண கான்கிரீட்டைவிட இதில் அந்தத் தொல்லை குறைவு.

கட்டடம் முழுவதையும் இப்படி வார்ப்பது கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. அதிகச் சுமை விழும் தூண், மேம்பாலத்தின் விட்டம், சுரங்கப் பாதையின் வளையத் துண்டு ஆகியவற்றில் போட்டால் போதும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளின் பல பாகங்கள் ஏற்கெனவே தொழிற்சாலையில் வார்த்துத்தான் சைட்டுக்கு வருகின்றன. இழையைச் சீராகக் கலக்கவும், மின்முனைகளை அச்சுக்குள்ளேயே சரியான இடத்தில் பொருத்தவும், சுமை ஏறுவதற்கு முந்தைய முதல் அளவை அங்கேயே எடுத்து வைக்கவும் வெயிலிலும் மழையிலும் நடக்கும் சைட்டைவிடத் தொழிற்சாலைதான் தோது. அந்த முதல் அளவு இல்லாவிட்டால் பிறகு எதோடும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.