நெருக்கத்திற்கு முன் சொல்ல வேண்டியது: மாறுபாலினத்தவருக்கும் அவர்களை நேசிப்பவர்களுக்கும்

பாலியல் நல ஆலோசனைக்காக என்னிடம் வரும் திருநங்கையரும் திருநம்பியரும் வெவ்வேறு சொற்களில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "நான் யார் என்பதை அவரிடம் எப்போது சொல்வது?" முதல் சந்திப்பிலேயே சொன்னால் விலகிப் போய்விடுவாரோ, தள்ளிப்போட்டுச் சொன்னால் ஏமாற்றிவிட்டதாகப் பழி வருமோ என்ற இரண்டு அச்சங்களுக்கு நடுவே மாதக்கணக்கில் தவிப்பவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். அந்தத் தவிப்பு நீளும்போது உறவு தன் போக்கில் நெருங்கிக்கொண்டே போகிறது. எதுவும் பேசப்படாமலேயே இருவரும் ஒரு மூடிய அறைக்குள் வந்துவிடுகிறார்கள்.

என் பதிலில் எனக்குத் தயக்கம் இல்லை. பாலுறவுக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. அதுவும் இருவரும் தனித்திருக்கும் அறையில் அல்ல, மனிதர்கள் நடமாடும், வேண்டாம் என்று தோன்றினால் உடனே எழுந்து போகக்கூடிய ஓர் இடத்தில். இதற்கு நான் சொல்லும் முதல் காரணம் சொல்பவரின் உயிர்ப் பாதுகாப்பு. 2002-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் க்வென் அரௌஹோ என்ற 17 வயதுத் திருநங்கை, அவரோடு பழகிவந்த இளைஞர்களால் ஒரு வீட்டுக்குள் கொல்லப்பட்டார். 2014-இல் பிலிப்பைன்ஸின் ஒலொங்காப்போ நகரில் ஜெனிஃபர் லௌடே என்ற திருநங்கை, விடுதி அறை ஒன்றில் அமெரிக்க மரீன் படைவீரர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவர்கள் திருநங்கையர் என்பது தெரியவந்ததே இரு கொலைகளுக்கும் காரணமாகக் காட்டப்பட்டது. இந்தக் கொலைகளுக்கான பொறுப்பு முழுவதும் கொன்றவர்களுடையது. "முன்பே சொல்லியிருக்கலாமே" என்று இறந்தவர்கள் மீது பழியைத் திருப்புவதை நான் ஏற்கமாட்டேன். "அதிர்ச்சியில் நிதானம் இழந்தேன்" என்று நீதிமன்றத்தில் தப்பிக்க முயலும் வாதத்தை 2014-இல் கலிபோர்னியா தடை செய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுவே. ஆனால் சட்டம் வருவது எல்லாம் முடிந்த பிறகுதான். அந்த அறைக்குள் நம்மைக் காப்பாற்ற அது இருக்காது என்பதால்தான் இடத்தையும் நேரத்தையும் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறேன்.

இரண்டாவது காரணம் சம்மதம். யாரோடு இருக்கிறோம் என்பதை அறிந்து ஒப்புக்கொள்ளும்போதுதான் அந்த ஒப்புதல் இருவருக்கும் நிம்மதியைத் தருகிறது. பாலினம் குறித்து வேண்டுமென்றே தவறான எண்ணத்தை ஏற்படுத்துவது சம்மதத்தையே இல்லாததாக்கலாம் என்று 2013-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது. தன் பாலினத்தில் உண்மையாக வாழும் ஒருவரை ஏமாற்றுக்காரராக நடத்துவது அநியாயம் என்று அந்தத் தீர்ப்பைக் கடுமையாக விமர்சித்தவர்கள் பலர். அந்த விமர்சனத்தில் நியாயம் இருப்பதாகவே நானும் கருதுகிறேன். ஆயினும் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

சொல்ல வேண்டும் என்பதற்காக எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. பேசிப் பழகிப் பார்க்கும் நிலையில் இருப்பவரிடம் இதைச் சொல்லும் கடமை யாருக்கும் கிடையாது. நெருங்கப் போகிறவரிடமும்கூடப் பழைய பெயர், பழைய புகைப்படங்கள், அறுவை சிகிச்சைகளின் வரலாறு ஆகியவற்றைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டாம். அவை கேட்டவுடன் கொடுக்க வேண்டிய சான்றுகள் அல்ல.

ஒரு திருநம்பி தன் காதலியிடம் கொடுப்பதற்காக ஒரு கடிதத்தை எழுதி என்னிடம் காட்டினார். (அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "என்னை மன்னித்துவிடு" என்று தொடங்கிய அந்தக் கடிதம், தான் பிறந்ததிலிருந்து பட்ட துன்பங்களையெல்லாம் பக்கம் பக்கமாக அடுக்கியது. "எதற்காக மன்னிப்பு?" என்று கேட்டேன், அவரால் பதில் சொல்ல முடியவில்லை. இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தபோது கடைசியில் எஞ்சியது இவ்வளவுதான்: "உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் திருநம்பி, பிறந்தபோது பெண் என்று பதிவு செய்தார்கள், நான் ஆண். யோசிக்க உனக்கு நேரம் வேண்டியிருக்கும், இன்றே பதில் சொல்ல வேண்டாம்." இந்த வாக்கியங்களைக் குரல் நடுங்காமல் சொல்ல வரும்வரை என் எதிரிலேயே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பகல் நேரத்தில், பொது இடத்தில், விஷயம் அறிந்த நண்பர் ஒருவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கும்போது சொன்னார். அந்தப் பெண் முதலில் கேட்டது அவருடைய உடலைப் பற்றித்தான். "அதை இன்னொரு நாள் பேசலாம்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அந்தப் பதிலையும் நாங்கள் முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருந்தோம்.

நேரில் சொல்லப் பயமாக இருந்தால் கைபேசிச் செய்தியிலும் சொல்லலாம். அதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. ஆனால் எழுத்தில் இருப்பதை நொடியில் படமெடுத்து நாலு பேருக்கு அனுப்பிவிட முடியும் என்பதால், செய்தியைச் சுருக்கமாக வைத்துக்கொண்டு குரல் அழைப்புக்கு மாறுவதே மேல்.

இனி, கேட்டுக்கொள்பவருக்கு. உங்களுக்கு அதிர்ச்சி வரலாம், இந்த உறவு வேண்டாம் என்றும் தோன்றலாம். மறுப்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. கத்துவதற்கோ, கை ஓங்குவதற்கோ, கேட்டதை வெளியே போய்ச் சொல்வதற்கோ உரிமை இல்லை. உங்கள் மனதைக் கொட்ட ஒருவர் தேவைப்பட்டால் ஓர் ஆலோசகரிடம் வாருங்கள். நண்பர்கள் கூட்டத்தில் பேசும் ஒரு வார்த்தை அவருடைய வேலையையும் வீட்டையும் பறித்துவிடக்கூடும். திருநங்கையை நேசிக்கும் ஆண்கள் பலர் "அப்படியானால் நான் யார்?" என்று கலங்கிப்போய் என்னிடம் வருகிறார்கள். ஒரு பெண்ணை விரும்பினீர்கள், அவர் பெண்ணாகவே இருக்கிறார். உங்கள் ஈர்ப்பின் தன்மை ஒரு மாலையில் மாறிவிடாது என்பதே நான் அவர்களுக்குச் சொல்வது. "இது மனநோயா?" என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு: உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில், இது மனநலக் கோளாறுகளின் பகுதியிலிருந்து நீக்கப்பட்டுப் பாலியல் நலம் தொடர்பான பகுதிக்கு மாற்றப்பட்டுவிட்டது.

இருவரும் தொடர்வதென்று முடிவெடுத்தால் உடலைப் பற்றி வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். எங்கே தொடலாம், எங்கே வேண்டாம், உடலுறுப்புகளை எந்தச் சொல்லால் குறிப்பிட்டால் அவருக்குக் கூசாது என்பதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கருத்தடை விஷயத்தில் தவறான நம்பிக்கைகள் அதிகம். டெஸ்டோஸ்டீரோன் எடுத்துக்கொள்ளும் திருநம்பிக்கு மாதவிடாய் நின்றிருந்தாலும், கருப்பையும் சினைப்பையும் இருக்கும்வரை கருத்தரிக்க வாய்ப்புண்டு. அந்த ஹார்மோன் கருத்தடை மருந்து அல்ல. அது பிறப்புறுப்பின் உட்புறத்தை உலர்த்தி மெலிதாக்குவதால் வலியும் கீறலும் ஏற்படலாம். ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்ளும் திருநங்கைக்கு விந்தணுக்கள் குறையும் என்றாலும் அதைக் கருத்தடையாக நம்பிவிட முடியாது. அறுவை சிகிச்சையால் அமைக்கப்பட்ட பிறப்புறுப்பில் பெரும்பாலும் போதிய ஈரப்பசை இயல்பாகச் சுரப்பதில்லை. நீர் அல்லது சிலிக்கோன் கலந்த ஜெல்லைப் பயன்படுத்த வேண்டும், எண்ணெய் கூடாது, ஏனெனில் எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் ஆணுறை வலுவிழந்து கிழிந்துவிடக்கூடும். மாறுபாலினத்தவர் என்பதாலேயே ஒருவருக்குத் தொற்று இருக்கும் என்று எண்ணுவது தவறு. எந்தப் புதிய இணையரும் செய்துகொள்வதுபோல இருவருமே பால்வினைத் தொற்றுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே சொல்லாமல் நெருங்கிவிட்டவர்கள் "இனிமேல் எப்படிச் சொல்வது?" என்று அழுதுகொண்டே கேட்கிறார்கள். காலம் கடந்துவிடவில்லை, அடுத்த நெருக்கத்திற்கு முன், மேலே சொன்ன அதே முன்னெச்சரிக்கைகளோடு சொல்லலாம், இத்தனை நாள் ஏன் பயந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். ஒரே ஒரு விதிவிலக்கை வைத்திருக்கிறேன். துணை ஏற்கெனவே அடிப்பவராகவோ, மாறுபாலினத்தவரைப் பற்றி வன்மத்தோடு பேசுபவராகவோ இருந்தால் அவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. அங்கே உடல் நெருக்கத்தை நிறுத்திவிட்டு, தங்குவதற்கு ஓர் இடத்தையும், கையில் கொஞ்சம் பணத்தையும், அடையாள ஆவணங்களையும், அழைத்தால் வந்து நிற்கும் ஒருவரின் எண்ணையும் ஏற்பாடு செய்துகொண்டு அந்த உறவிலிருந்து வெளியேறுவதற்கு உதவுவதுதான் என் வேலை. சொல்வதா வேண்டாமா என்பதை வெளியே வந்த பிறகு நிதானமாக முடிவு செய்துகொள்ளலாம்.