ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய்: தமிழில் என்ன சொல்வது?

பெங்களூர் அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தைக்கு இரண்டு நாளாகியும் காட்டுப்பீ (பிறந்ததும் போகும் முதல் மலம்) போகவில்லை, வயிறு உப்பி, பச்சையாக வாந்தி. ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த ஹிர்ஷ்ஸ்ப்ரங் என்ற பெயர் பாட்டியின் வாயில் நுழையவே இல்லை. நர்ஸம்மா கன்னடத்தில் 'கருளல்லி நர இல்ல' என்றார், குடலில் நரம்பு இல்லை, அவ்வளவுதான், பாட்டிக்குப் புரிந்துவிட்டது.

ஹிர்ஷ்ஸ்ப்ரங் என்பது கோபன்ஹேகன் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங்கின் பெயர். 1886இல் பெர்லினில், இந்த நோயில் இறந்த இரண்டு குழந்தைகளைப் பற்றி அவர் பேசினார். இன்னொரு பெயர் மெகாகோலன்: கிரேக்கத்தில் மெகாஸ் என்றால் பெரியது, கோலன் என்றால் பெருங்குடல். இதை அப்படியே 'பிறவிப் பெருங்குடல் வீக்கம்' என்று தமிழாக்கினால் தப்பான இடத்தைக் காட்டுகிறோம். வீங்கியிருப்பது நல்ல குடல், அதற்குக் கீழே விரியாமல் இறுகிக் கிடக்கும் பகுதியில்தான் நோய். மருத்துவர்களே பல காலம் வீங்கியதை வெட்டிப் பார்த்தார்கள், தொல்லை திரும்ப வந்தது. 1948இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஓர்வர் ஸ்வென்சன் அந்த இறுகிய பகுதியை எடுத்துவிட்டு நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைக்கும் முறையை எழுதிய பிறகுதான் வழி பிறந்தது.

அந்த இறுகிய பகுதியில் இல்லாமல் போவது குடலை இயக்கும் நரம்புச் செல்கள். சரி, அந்தச் செல்கள் ஏன் இல்லை? கருவின் முதல் மூன்று மாதத்தில், பின்னால் நரம்புச் செல்களாக மாறவேண்டிய செல்கள் குடலின் மேற்பக்கத்திலிருந்து ஆசனவாய் நோக்கி நகர்ந்து வருகின்றன. ரெட் என்ற மரபணு செய்துகொடுக்கும் புரதம் அந்தச் செல்களின் மேல் அமர்ந்து, குடல் அனுப்பும் 'வா, உயிரோடு இரு, பெருகு' என்ற செய்தியை வாங்கித் தருகிறது. அதில் பழுது இருந்தால் பயணம் பாதியில் நின்றுவிடும், அதனால்தான் பெரும்பாலும் குடலின் கடைசிப் பகுதி காலியாகக் கிடக்கிறது. 10ஆம் குரோமோசோமில் உள்ள ரெட்டுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 1994இல் தெரிந்தது. 13ஆம் குரோமோசோமில் இன்னொரு மரபணுவும் உண்டு, டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கும் வாய்ப்பு கூடுதல். சுமார் 5000 பிறப்புக்கு ஒன்று, ஆண் குழந்தைகளே அதிகம்.

மருத்துவர்கள் சொல்லும் அகாங்கிலியோனோசிஸ்தான் சரியான பெயர். காங்கிலியன் என்றால் நரம்புச் செல்களின் முடிச்சு, முன்னால் நிற்கும் 'அ' இன்மையைக் குறிக்கிறது. 'நரம்பு இன்மை' என்று சுருக்கினாலும் பிசகு, அந்தப் பகுதியில் நரம்பு இழைகள் உண்டு, தடித்தே இருக்கும், செல்கள்தான் இல்லை. நரம்பணு என்று எழுதலாம், ஆனால் பக்கத்திலேயே மரபணு வந்தால் படிப்பவர் குழம்புவார். அதனால் நான் 'பிறவிக் குடல் நரம்புச்செல் இன்மை' என்று எழுதுகிறேன், பேச்சில் 'குடல் நரம்புச்செல் இல்லாத நோய்'.

மருமகள் பப்பாளி தின்றதாலா என்று பாட்டி கேட்டார். இல்லை பாட்டி, சாப்பாட்டால் வருவதல்ல. மரபணு மாற்றம் அம்மாவிடமிருந்தும் வரலாம், அப்பாவிடமிருந்தும் வரலாம், குழந்தையிடமே புதிதாகவும் தோன்றலாம், அதைச் சுமந்தபடி நோயே இல்லாமல் வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள்.