ட்ரோன் வாங்கும் முன் சர்வீஸ் நம்பருக்கு ஒரு போன் போடுங்கள்

போன வைகாசியில் காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி பஸ் பிடித்து திருச்சிக்கு வந்தார். கல்யாண வீடியோ எடுப்பவர். கையில் ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பை. சீர் கொண்டு வந்தவர் மாதிரி அதை என் மேஜையில் வைத்துப் பிரித்தார். அரிசிக்குள் புதைந்து கிடந்தது ஒரு ட்ரோன்.

முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு. ஊருணிக்கு மேலே தாழப் பறக்கவிட்டு, தண்ணீரில் விளக்கு நிழல் விழுவதை எடுக்க ஆசைப்பட்டிருக்கிறார். அது மெல்லத் தாழ்ந்துகொண்டே போய் முங்கிவிட்டது. இரண்டு பையன்கள் குதித்து எடுத்திருக்கிறார்கள். "அரிசியில போட்டா ஈரத்தை இழுத்துரும்னு சொன்னாங்கண்ணே" என்றார். கேமராவை ஆடாமல் பிடித்திருக்கும் கிம்பலின் இடுக்கில் இரண்டு அரிசி மணி சிக்கியிருந்தது. மோட்டாருக்குள் தவிட்டு மாவு. தண்ணீர் செய்த வேலை போதாதென்று அரிசியும் தன் பங்கைச் செய்திருந்தது.

"நனைஞ்ச பிறகு ஆன் பண்ணிப் பார்த்தீங்களா?"

"ரெண்டு மூணு தடவைண்ணே. லைட்டு எரிஞ்சுது, அப்புறம் போயிருச்சு."

உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு அப்போதே போயிருக்கும். நனைந்தால் பேட்டரியை உடனே உருவிவிட வேண்டும், ஆன் செய்யவே கூடாது. நான் அடுத்துக் கேட்டது பில். அவர் மொபைலை எடுத்து ஒரு வாட்ஸ்அப் உரையாடலைக் காட்டினார். ஜிபேயில் பணம் போன ஸ்கிரீன்ஷாட், கீழே ஒரு கட்டைவிரல் படம். அவ்வளவுதான் பில்.

பத்து வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். முதலில் கல்யாணங்களுக்கு ஹெலிகேம் ஓட்டினேன், பிறகு ரிப்பேர் மேஜையோடு உட்கார்ந்துவிட்டேன். ட்ரோன் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: எது நல்ல பிக்சர் தரும், ஃபோர்கே எவ்வளவு, எத்தனை கிலோமீட்டர் போகும். இப்போது வரும் ட்ரோன்களில் படம் மோசமாக வருவது அபூர்வம். மேஜைக்கு வரும் ஆட்கள் அழுவது படத்துக்காக அல்ல. விழுந்த பிறகு யாரைக் கேட்பது என்று தெரியாமல்தான் அழுகிறார்கள்.

சாதாரண கேமரா கோளாறானால் அது கையிலேயே இருக்கும். ஷட்டர் போனாலும் பெட்டி பத்திரம். ட்ரோனில் ஒரு சின்னக் கோளாறு என்றால் அடுத்த நொடி அது தரையில், இல்லை தென்னைமர உச்சியில், இல்லை யாரோ ஒருவர் தலையில். அது போக, இந்தப் பொருள் முழுசாக உங்களுடையதும் இல்லை. முதல் முறை ஆன் செய்யும்போது கம்பெனி ஆப்பில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். மென்பொருள் அப்டேட் அவர்களிடமிருந்து வர வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பிறகும் கம்பெனியின் தயவு தேவைப்படும் பொருள் இது. அந்தக் கம்பெனிக்கும் உங்களுக்கும் நடுவில் வழி இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவதுதான் தப்பு.

நம் நாட்டில் இந்த வழி எங்கே அடைபட்டது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. 2022 பிப்ரவரி 9 அன்று மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. வெளிநாட்டு ட்ரோனை முழுசாகவோ, பிரித்துப் பூட்டும் தொகுப்பாகவோ இறக்குமதி செய்யக் கூடாது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும் அனுமதியோடு விலக்கு. ஆனால் தனித்தனி உதிரி பாகங்களுக்கு இந்தத் தடை இல்லை. இதன் விளைவு விசித்திரமானது. டிஜேஐ மாதிரி சீன கம்பெனியின் புது மாடலைப் பில்லோடு நேராக வாங்க வழியில்லை, அதன் கிம்பல் கேபிளும் மோட்டார் கையும் மட்டும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும்.

"சிங்கப்பூர்ல இருந்து மச்சான் கொண்டு வந்தார், ஒரிஜினல் பில் இருக்கு" என்பார்கள். இருக்கட்டும். அது சிங்கப்பூர் பில். வாரண்டி பெரும்பாலும் வாங்கிய பகுதியோடு கட்டிப்போட்டிருக்கும். சரி, அங்கேயே அனுப்பிச் சரிசெய்வோம் என்றால், லித்தியம் பேட்டரியைக் கூரியர்காரர் விமானத்தில் ஏற்றத் தயங்குவார். அதைத் தாண்டி சரியாகித் திரும்பி வந்தாலும் அதுவும் ஒரு ட்ரோன் இறக்குமதிதான், கஸ்டம்ஸில் நிற்கும். விபத்துக் காப்புத் திட்டம் என்று கம்பெனிகள் தனியாக விற்பதும் அப்படித்தான். டிஜேஐயின் திட்டத்தை வழக்கமாக ஆக்டிவேட் செய்த 48 மணி நேரத்துக்குள் வாங்கியாக வேண்டும், அதுவும் அந்தந்தப் பகுதிக்கு மட்டும். ஊருணியில் விழுந்த பிறகு அதைப் பற்றி விசாரித்துப் பயனில்லை. தண்ணீர்ச் சேதம் சாதாரண வாரண்டியிலும் வராது.

தம்பியின் ட்ரோன் ஏன் தாழ்ந்தது என்று கேட்டீர்களானால், தாழப் பறக்கும்போது இவற்றின் வயிற்றில் இருக்கும் சிறு கேமராக்களும் சென்சார்களும் தரையைப் பார்த்துப் பார்த்து உயரத்தை நிலைநிறுத்த உதவுகின்றன. நெளியும் தண்ணீர் அவற்றைக் குழப்பிவிடும். கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கும். படிப்பவர் யார்?

"தானா விழுந்துருச்சு சார்" என்பதை வாரத்துக்கு நாலு பேராவது சொல்வார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. மொபைலில் இருக்கும் ஃப்ளைட் லாக்கைத் திறப்பேன். எத்தனை மணிக்கு ஏறியது, எந்த உயரம், ரிமோட்டில் எந்தக் குச்சியை எந்தப் பக்கம் தள்ளினீர்கள், பேட்டரி எத்தனை சதவீதம், எல்லாம் நொடி நொடியாகப் பதிவாகியிருக்கும். ஒருவருடைய லாக்கில் பேட்டரி 20 சதவீதம் ஆனதும் வீட்டுக்குத் திரும்பட்டுமா என்று ட்ரோன் கேட்டிருக்கிறது, ரத்து செய்திருக்கிறார். பிறகு மறுபடியும் கேட்டிருக்கிறது, மறுபடியும் ரத்து. மணமக்கள் இன்னும் கார் ஏறவில்லையாம். கம்பெனிக்காரரும் இதே லாக்கைத்தான் பார்ப்பார். அதே சமயம், எல்லாம் சரியாக இருந்து மோட்டார் திடீரென்று நின்றிருந்தால் அதையும் இந்த லாக்தான் சொல்லும், அப்போது அது உங்கள் பக்க சாட்சி. விழுந்த கோபத்தில் ஆப்பை அழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரியும்.

நம்பகம் என்றால் கோளாறே வராத ட்ரோன் என்று நினைக்க வேண்டாம். அப்படி ஒன்று இல்லை. கோளாறு வந்தபோது கம்பெனி என்ன செய்தது என்று பாருங்கள். 2016 அக்டோபரில், சின்னக் கேமராக்களுக்குப் பேர்போன கோப்ரோ கம்பெனி தன் கர்மா ட்ரோனை விற்பனைக்கு விட்டது. பறக்கும்போதே சிலவற்றில் மின்சாரம் அறுந்தது. நவம்பர் 8 அன்று விற்ற சுமார் 2,500 ட்ரோன்களையும் திரும்பக் கேட்டு, முழுப் பணத்தையும் கொடுத்தார்கள். காரணம் பேட்டரியைப் பிடித்து நிறுத்தும் தாழ்ப்பாள். அதைத் திருத்தி அடுத்த பிப்ரவரியில் மீண்டும் விற்றார்கள். வாங்கியவர் பக்கமிருந்து பார்த்தால் அது மரியாதையான நடத்தை. ஆனால் 2018 ஜனவரியில் ட்ரோன் தொழிலையே விடுவதாக அறிவித்துவிட்டார்கள். ஸ்கைடியோ என்ற அமெரிக்கக் கம்பெனி தடைகளைத் தாண்டித் தானே பறப்பதில் பெயர் எடுத்தது. 2023 ஆகஸ்டில் அதுவும் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்திக்கொண்டு நிறுவனங்கள் பக்கம் போய்விட்டது. லில்லி என்று ஒன்று, முன்பதிவிலேயே 34 மில்லியன் டாலர் சேர்த்தது. ஒரு ட்ரோன்கூட வாங்கியவர் கைக்குப் போகாமல் 2017 ஜனவரியில் கடையைக் கட்டியது. நல்ல பொருளைச் செய்பவரும் நாளைக்கு இருக்கமாட்டார் என்றால், உங்கள் பேட்டரிக்கு மாற்று யார் தருவார்?

பேட்டரியைச் சொல்லும்போது நம் ஊருக்கே உரிய ஒரு சங்கதி. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. ஆனி கடைசி முகூர்த்தம் முடிந்ததும் முழுசாகச் சார்ஜ் ஏற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஆவணியில் திறந்தால் பணியாரம் மாதிரி உப்பியிருக்கும். சிலர் மொத்தமாகக் காலியாக வைத்துவிடுவார்கள், அது எழுந்திருக்கவே செய்யாது. பாதிக்குச் சற்று மேலே, 50, 60 சதவீதத்தில் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். உப்பிய பேட்டரியை அமுக்கி உள்ளே தள்ளிப் பறக்கவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது நடுவானில் நழுவி வெளியே வந்தால், சொல்லவே வேண்டாம். வாரண்டி அட்டையில் பேட்டரிக்குத் தனி வரி இருக்கும், பல கம்பெனிகள் மாதக் கணக்கோடு சார்ஜ் எண்ணிக்கையையும் சேர்த்துப் போடுகின்றன. இறக்கைக்கு அநேகமாக வாரண்டியே இருக்காது.

அந்த இறக்கையில்தான் நான் அதிகம் சண்டை போடுவது. சிறிய ட்ரோன்களில் இறக்கை இரண்டிரண்டு நுண் திருகில் நிற்கிறது. புது இறக்கையோடு புதுத் திருகும் வரும். திருகின் மரையில் ஏற்கெனவே ஒரு பசை தடவியிருப்பார்கள். ஒருமுறை கழற்றினால் அந்தப் பசை போச்சு. பழைய திருகையே போட்டு முறுக்கிவிட்டு, பறக்கும்போது ஒன்று கழன்று விழுந்தால், ட்ரோன் பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டு கீழே வரும். புதுத் திருகு தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்னாலேயே கேளுங்கள். அற்பக் கேள்வி மாதிரித் தெரியும். என் அனுபவத்தில் சர்வீஸ் எப்படி இருக்கும் என்பதை அந்த ஒரு பதிலே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது இந்தியப் பெயரில், பில்லோடு, ஜிஎஸ்டியோடு 250 கிராமுக்குள் நானோ ட்ரோன்கள் விற்கிறார்கள். நான் அவற்றின் பக்கம்தான். ஆனால் மறைக்காமல் சொல்கிறேன், அவற்றில் சிலவற்றுக்கு உதிரி பாகம் கிடைப்பது குதிரைக் கொம்பு. பில் இல்லாத சீன ட்ரோனுக்கு ஒரு நாளில் கேபிள் வாங்கிவிடுவேன். பில் உள்ள ஒரு ட்ரோனுக்கு நாற்பது நாள் காத்திருந்தேன், கடைசியில் 'ஸ்டாக் இல்லை' என்று ஒரு வரி மெயில் வந்தது. ஆகவே பில் இருந்தால் மட்டும் போதாது. எடை விஷயத்திலும் ஒரு சின்ன எச்சரிக்கை: 249 கிராம் ட்ரோனில் பெரிய பேட்டரியைப் போட்டால் அது 250ஐத் தாண்டி மைக்ரோ வகைக்குப் போய்விடும். அதைக் காசுக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும்.

வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பு நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வாடிக்கையாளர் மாதிரி இல்லாமல், ஏற்கெனவே வாங்கிப் போட்டு உடைத்தவர் மாதிரி சர்வீஸ் நம்பருக்கு மதியம் ஒரு போன் போடுங்கள். கிம்பல் கேபிள் அறுந்துவிட்டது, எவ்வளவு ஆகும், எத்தனை நாள் ஆகும், நான் எங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். எடுத்தவருக்கு மாடல் பெயராவது தெரிகிறதா பாருங்கள். தொகையை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். விற்பனை நம்பர் முதல் ரிங்கிலேயே எடுத்து, சர்வீஸ் நம்பர் அடித்துக்கொண்டே இருந்தால் பதில் கிடைத்துவிட்டது. செகண்ட் ஹேண்ட் வாங்குகிறீர்களா, பழைய சொந்தக்காரர் தன் கணக்கிலிருந்து ட்ரோனை விடுவித்தாரா என்று அவர் முன்னாலேயே உங்கள் மொபைலில் இணைத்துப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் போனை எடுக்கும்வரை அது அழகான பேப்பர் வெயிட்.

பில் இருந்து, சர்வீஸ் சென்டர் இழுத்தடித்தால் சும்மா இருக்க வேண்டாம். 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்குப் பிறகும் நடக்காவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. தொழிலுக்கு வாங்கியது நுகர்வோர் கணக்கில் வராதே என்று எதிர்த் தரப்பு சொல்லும். சொந்தப் பிழைப்புக்காக, தானே ஓட்டுவதற்கு வாங்கியவருக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. கல்யாண வீடியோ எடுப்பவர்கள் பலருக்கும் இது பொருந்தும். ஆனால் இவ்வளவுக்கும் அந்த ஒரு தாள் வேண்டும்.

காரைக்குடித் தம்பியின் ட்ரோனைக் காப்பாற்ற முடியவில்லை. மெமரி கார்டு மட்டும் பிழைத்தது, மாப்பிள்ளை அழைப்பு முழுசாகக் கிடைத்தது. அடுத்த ட்ரோனுக்கு இரண்டு மாடல் யோசித்து வைத்திருந்தார். என் மேஜையிலிருந்தே முதல் கம்பெனிக்குப் போன் போடச் சொல்லி ஸ்பீக்கரில் வைத்தேன். மூன்றாவது முறை ஒரு பெண் எடுத்தார். பொறுமையாகத்தான் பேசினார். கேபிள் தனியாக வராது, கேமராவையே மாற்றுவோம், பதினெட்டு நாள் ஆகும் என்றார். தொகையையும் சொன்னார்.

தம்பி விரல் விட்டு எண்ணினார். "பதினெட்டு நாள்ல நாலு முகூர்த்தம் போயிரும்ணே" என்றார். பிறகு அரிசிப் பையின் மேலேயே அந்தத் தொகையையும் நாளையும் எழுதிவிட்டு, அடுத்த நம்பரை அழுத்தினார்.