‘சார்க்கோஃபேகஸ்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ரொஸ்கில்டே பேராலயத்து அரசர்களை முன்வைத்து

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனுக்கு மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் ரொஸ்கில்டே என்னும் பழைய நகரம் உள்ளது. அங்கே 12ஆம் நூற்றாண்டில் ஆயர் அப்சலோன் காலத்தில் செங்கல்லால் கட்டத் தொடங்கிய பேராலயத்தில் அந்நாட்டின் அரசர்களும் அரசியரும் ஏறத்தாழ 40 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். 1995இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இந்த ஆலயத்தைப் பற்றித் தமிழில் எழுத உட்காரும் எவருக்கும் முதற்பக்கத்திலேயே இடறும் சொல் ஒன்று உண்டு. இறந்தவரின் உடலை வைத்து ஓரிடத்தில் நிலையாக நிறுத்தும், பெரும்பாலும் கல்லால் ஆன பெரிய கலத்தைக் குறிப்பது அது. ஆங்கிலத்தில் ‘சார்க்கோஃபேகஸ்’ என்றும், டேனிஷ் மொழியில் ‘சர்கோஃபாக்’ என்றும் வழங்கும் அதனைச் சவப்பெட்டி என்பதா, கல்லறை என்பதா, சமாதி என்பதா? மூன்றும் பொருந்தா என்பதும், பொருந்தும் சொல்லாக ‘ஈமப்பேழை’ தமிழில் ஏற்கெனவே இருக்கிறது என்பதும் என் கருத்து. அதை ரொஸ்கில்டேயில் உறங்குவோரின் வாழ்க்கையைக் கொண்டே நிறுவ விரும்புகிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பு. கிரேக்கத்தில் ‘சார்க்ஸ்’ என்றால் தசை. ‘ஃபாகெய்ன்’ என்றால் தின்னுதல். இரண்டும் சேர்ந்து ‘தசை தின்னும் கல்’ என்ற தொடர் பிறந்தது. இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த அசோஸ் என்னும் ஊரில் வெட்டியெடுத்த ஒருவகைக் கல்லில் பிணத்தை வைத்தால், பல் நீங்கலாக உடல் முழுவதும் 40 நாளில் கரைந்துபோகும் என்று உரோம அறிஞர் பிளினி எழுதினார். நாளடைவில் கல்லின் இயல்பைக் குறித்த அடைமொழியே கல்லால் ஆன பேழைக்குப் பெயராகிவிட்டது. ஜெர்மன் மொழியில் சவப்பெட்டியைக் குறிக்கும் ‘சார்க்’ என்ற சொல்லும் இதன் தேய்ந்த வடிவமே என்பது மொழியறிஞர் பலரின் கருத்து.

வேர்ச்சொல்லைப் பார்த்து ‘ஊனுண்ணிக் கல்’ என்று பெயர்த்துவிட்டால் என்ன நேரும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எகிப்தியர் தம் அரசரின் உடல் அழியாதிருக்கவே கற்பேழை செய்தார்கள். ரொஸ்கில்டேயிலும் நோக்கம் உடலைக் காத்துப் பெயரை நிறுத்துவதுதான். சொல்லின் பிறப்பும் பொருளின் பயனும் எதிரெதிர்த் திசையில் நிற்கும் இத்தகைய இடங்களில் வேரை மொழிபெயர்ப்பது பிழையில் முடியும். பொருளின் பயனை நோக்கித்தான் பெயர் தேட வேண்டும்.

டேனிஷ் மொழி இரண்டு பொருள்களைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. மரத்தாலோ உலோகத்தாலோ செய்து, உடலை வைத்துத் தூக்கிச் செல்லும் பெட்டி ‘கிஸ்தெ’. ஓரிடத்தில் நிலையாக நிற்கும்படி, பெரும்பாலும் கல்லில் செதுக்கி அமைப்பது ‘சர்கோஃபாக்’. நம் வழக்கில் சவப்பெட்டி, பிரேதப்பெட்டி என்பவை முதலாவதற்கு மிகச் சரியான சொற்கள். அவற்றை இரண்டாவதற்கும் நீட்டினால், இந்தப் பேராலயத்தில் கண்முன் தெரியும் வேறுபாடு தமிழில் மறைந்துவிடுகிறது.

அந்த வேறுபாட்டுக்கு நான்காம் கிறிஸ்தியானைவிட நல்ல சான்று இல்லை. 1577இல் பிறந்து, 1588இல் சிறுவனாக அரியணைக்கு உரியவராகி, 1648இல் இறக்கும்வரை அறுபது ஆண்டுகள் அரசராக இருந்தவர் அவர். 1644இல் நடந்த கடற்போரில் காயமுற்று ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். ரொஸ்கில்டே ஆலயத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கு இன்று அடையாளமாக விளங்கும் ஒல்லியான கூர்முடிகளை அமைத்தவர் அவரே. தமக்கென ஒரு சிற்றாலயத்தை 1614இல் கட்டத் தொடங்கினார். 1641இல்தான் அது முடிந்தது. அதன் சுவர் ஓவியங்களோ அவர் இறந்து இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவை. இத்தனை ஆவலுடன் கட்டுவித்த அரசர் பளிங்கில் உறங்கவில்லை. கறுப்பு வெல்வெட்டு போர்த்தி வெள்ளி வேலைப்பாடு பதித்த மரப்பெட்டியில்தான் அவர் உடல் இருக்கிறது. அதைச் சவப்பெட்டி என்றே எழுத வேண்டும். அரசர் என்பதற்காக ஈமப்பேழை என்று உயர்த்தி எழுதினால் அது மரியாதை ஆகலாம், உண்மை ஆகாது.

இந்த அரசரின் பெயர் நமக்குப் புதிதன்று. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் டான்ஸ்போர்க் கோட்டையை எழுப்பியது இவருடைய ஆட்சியில்தான். அப்போது நாயக்கரிடமிருந்து இவருக்குத் தமிழில் எழுதிச் சென்ற பொன்னோலை இன்றும் கோபன்ஹேகனில் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அந்த ஓலையைப் பெற்றவரின் இறுதிப் பெட்டியைச் சரியான தமிழ்ச் சொல்லால் சுட்ட வேண்டும் என்ற அக்கறை நமக்கு இருப்பது முறைதானே.

பேராலயத்தின் பலிபீடத்துக்குப் பின்னால் நான்காம் ஃபிரெடெரிக்கின் பளிங்குப் பேழை இருக்கிறது. இது சார்க்கோஃபேகஸ் என்பதில் ஐயமில்லை. 1671இல் பிறந்து 1730இல் மறைந்த இவர் அனுப்பியதால்தான் கிறித்தவ மறைபணியாளர்களான சீகன்பால்கும் புளூட்சௌவும் 1706 ஜூலை மாதம் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அங்கே 1718இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் இவருடைய பெயரெழுத்துச் சின்னத்தை இன்றும் பார்க்கலாம். இவர் அருகே முதல் மனைவி அரசி லூயிசேயின் பேழை. 1721இல் லூயிசே இறந்து அடக்கம் செய்த மறுநாளே ஃபிரெடெரிக் அன்னா சோஃபி ரெவென்ட்லோவை மணந்து அரசியாக்கினார். முன்னரே 1712இல், முதல் மனைவி உயிரோடிருக்கும்போதே, அவரை ஒரு சடங்கின் மூலம் மணந்திருந்தார். தாயின் துயரத்தை மறவாத மகன் ஆறாம் கிறிஸ்தியான், அரியணை ஏறியதும் அன்னா சோஃபியை அரண்மனையிலிருந்து நீக்கினார். 1743இல் அவர் இறந்தபோது அரசர்களோடு சேர்க்காமல், அதே ஆலயத்தில் ஓர் உயர்குடிக் குடும்பத்தின் சிற்றாலயத்தில் வைத்தார்கள். ஒருவர் எதில் கிடத்தப்பட்டார், எங்கே கிடத்தப்பட்டார் என்பவை அவருடைய வாழ்வு எப்படி மதிக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகின்றன. பெட்டி, பேழை, அறை ஆகிய சொற்களைக் கலந்து எழுதினால் இழப்பது இந்தச் செய்தியைத்தான்.

கல்லறை என்ற சொல்லுக்கு வருவோம். கல் + அறை என்று அது பிரியும். புதைத்த இடத்தையோ, அதன் மேல் எழுப்பிய கட்டடத்தையோ அது குறிப்பது இயல்பானது. ரொஸ்கில்டேயில் ஹார்ஸ்டார்ஃப் என்னும் கட்டடக் கலைஞர் 1774இல் தொடங்க, 1825இல் முடிவுற்ற ஐந்தாம் ஃபிரெடெரிக்கின் சிற்றாலயத்தைக் கல்லறை மண்டபம் எனலாம். அதற்குள் வீடவெல்ட் என்னும் சிற்பி வடித்த அரசரின் பேழையைக் கல்லறை என்றால் கொள்கலத்துக்கும் அதைக் கொண்ட கூடத்துக்கும் ஒரே பெயராகிவிடும். டென்மார்க்கும் நார்வேயும் இரு பெண்களாக உருக்கொண்டு அப்பேழையின் இருபுறமும் துயருற்று அமர்ந்திருக்கிறார்கள்; அக்காலத்தில் இரு நாட்டுக்கும் அவரே அரசர். இதே கூடத்தில்தான் எட்டாம் கிறிஸ்தியானும் இருக்கிறார். 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் 12.5 இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விற்றது இவர் ஆட்சியில். சோழர் காலத்துப் பள்ளிப்படை என்ற சொல்லை இத்தகைய கூடங்களுக்குக் கொடுக்கலாமே என்று எனக்கும் ஒருமுறை தோன்றியது. ஆனால் பள்ளிப்படை இறந்த அரசர் நினைவில் இலிங்கம் நிறுவி வழிபடும் கோயில். சமயப் பொருளைக் கழித்துவிட்டு அச்சொல்லை வேறிடத்தில் ஒட்டுவது இரு மரபுக்கும் நேர்மை ஆகாது. சமாதியும் அதே காரணத்தால் விலகிப்போகிறது.

இனி ‘ஈமப்பேழை’. தமிழகத் தொல்லியலாளர்கள் நெடுநாளாகப் பயன்படுத்தும் சொல் இது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த சுடுமண் கலம், செங்கல்பட்டுப் பக்கம் சாணூரில் அகழ்ந்தெடுத்த கால்கள் பொருத்திய நீள் கலங்கள் போன்றவற்றையே அவர்கள் இவ்வாறு அழைக்கிறார்கள். ஆங்கில அறிக்கைகள் அவற்றைச் சார்க்கோஃபேகஸ் என்றே குறிப்பதால், இரு சொற்களின் இணை நாம் புதிதாகக் கட்டியதன்று.

ஈமம் என்றால் சுடுகாடும் பிணஞ்சுடும் விறகும் அல்லவா, புதைப்பவருக்கு அது எப்படிப் பொருந்தும் என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதியமானைப் பாடும் ஔவையின் புறநானூற்றுப் பாட்டில் (231) ‘ஈம ஒள்ளழல்’ வருவது உண்மை. ஆனால் அதே தொகையின் 256ஆம் பாட்டில் கணவனை இழந்த பெண் ஒருத்தி குயவனை அழைத்து, வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலைப் பற்றிக்கொண்டு வந்த பல்லியைப் போலக் கணவனோடு சுரம் பல கடந்து வந்த தனக்கும் இடம் இருக்கும்படி ‘ஈமத் தாழி அகலிது ஆக வனைமோ’ என்று வேண்டுகிறாள். தாழி புதைப்பதற்கு உரியது. ஆகவே ஈமம் எரித்தலையும் புதைத்தலையும் சேர்த்து இறுதிக் கடன் அனைத்தையும் தழுவும் சொல்லாகச் சங்க காலத்திலேயே விரிந்துவிட்டது. பேழை என்பதோ, மூடியுள்ள பெரிய பெட்டி. மதிப்புமிக்க ஒன்றைப் பொதிந்து காப்பது. உடன்படிக்கைப் பேழை, நோவாவின் பேழை என்று விவிலியத் தமிழிலும் அது நிலைபெற்றிருக்கிறது.

இந்தச் சொல்லின் எல்லையை அறிய ரொஸ்கில்டேயின் மிகப் பழைய அடக்கங்கள் உதவுகின்றன. 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஸ்வென் எஸ்ட்ரிட்சன், பலிபீடத்தை ஒட்டிய தூண் ஒன்றினுள் எலும்புகளாக வைக்கப்பட்டிருக்கிறார். எதிர்த் தூணில் அவருடைய தாய் எஸ்ட்ரிட் இருப்பதாக நெடுங்காலம் நம்பினார்கள். பற்களிலிருந்து எடுத்த மரபணுவை ஆராய்ந்தபோது அந்தப் பெண் ஸ்வெனின் தாயாக இருக்க முடியாது என்று தெரியவந்தது. இவ்வாறு உடல் வேறிடத்தில் அழிந்தபின் எலும்புகளை எடுத்து வைப்பதை நம் தொல்லியலில் இரண்டாம் நிலை அடக்கம் என்பார்கள். தூண் பேழை ஆகாது. எலும்புமாடம் என்று சொல்லலாம்.

முதலாம் மார்கிரெதே வேறுவகை. 1353இல் பிறந்து பத்து வயதில் நார்வே அரசருக்கு மணமுடிக்கப்பட்ட இவர், டென்மார்க் அரசராயிருந்த மகன் ஓலுஃப் 1387இல் இளம் வயதில் இறந்தபின் ஆட்சியைத் தம் கையில் எடுத்தார். 1397இல் கால்மார் நகரில் டென்மார்க், நார்வே, சுவீடன் மூன்றையும் ஒரே முடியின்கீழ் இணைத்தார். 1412இல் ஃபிளென்ஸ்போர்க் துறைமுகத்தில் கப்பலிலேயே உயிர் நீத்தார். தந்தையும் மகனும் உறங்கும் சோரோ மடத்தில் முதலில் அடக்கம் செய்தார்கள். மறு ஆண்டே ரொஸ்கில்டே ஆயர் பேதெர் லோதெஹாட் மடத்துத் துறவியரின் எதிர்ப்பை மீறி உடலைத் தம் பேராலயத்துக்குக் கொண்டுவந்தார். 1423இல் அவருக்குப் பேழை அமைந்தது. அதன் மேல் வெண்ணிற அலபாஸ்டர் கல்லில் அவர் படுத்திருக்கும் உருவம். பேழை அமைந்த பிறகு அவரை யாரும் இடம் மாற்றவில்லை.

பெட்டி பயணப்படும், பேழை தங்கிவிடும் என்பதற்கு நம் காலத்திலும் சான்று உண்டு. ஒன்பதாம் கிறிஸ்தியானும் அவர் மனைவி லூயிசேயும் பளிங்குப் பேழைகளில் இருக்கிறார்கள். கோபன்ஹேகன் துறைமுகத்துக் கடற்கன்னிச் சிலையை வடித்த எட்வர்ட் எரிக்சன் செதுக்கிய மூன்று பெண்ணுருவங்கள் அவர்களுக்குக் காவல். அவர்கள் மகள் டாக்மார் ரஷ்யப் பேரரசர் மூன்றாம் அலெக்சாண்டரை மணந்து மரியா ஃபியோதரோவ்னா ஆனவர். கடைசிப் பேரரசர் நிக்கோலாஸின் தாய். புரட்சிக்குப் பின் பிறந்த நாட்டுக்குத் திரும்பி 1928இல் இறந்தார். அவருடைய சவப்பெட்டி பெற்றோர் இருக்கும் இந்த ஆலயத்தில் 78 ஆண்டுகள் காத்திருந்து, 2006இல் கணவர் அருகே சேரும்படி செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குப் புறப்பட்டது.

1972இல் மறைந்த ஒன்பதாம் ஃபிரெடெரிக்கோ ஆலயத்துக்கு வெளியே திறந்தவெளியில் மண்ணுக்குள் அடக்கமானார். அதைக் கல்லறை என்பதே முற்றும் சரி.

கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ‘கற்பேழை’ என்றால் எளிதாகப் புரியுமே, ஈமப்பேழை எதற்கு? இரண்டாம் மார்கிரெதேக்காகச் சிற்பி பியோர்ன் நோர்கோர் வடித்த பேழை இதற்கு விடை. 2018இல் புனித பிர்கிட்டா சிற்றாலயத்தில் வைக்கப்பட்ட அது வார்ப்புக் கண்ணாடியால் ஆனது. தாங்கும் தூண்களில் மட்டும் போர்ன்ஹோல்ம் தீவின் கருங்கல், கிரீன்லாந்தின் பளிங்கு, ஃபாரோ தீவுகளின் எரிமலைக்கல் என அரசின் மூன்று நிலங்களும் இடம்பெற்றுள்ளன. கண்ணாடிக்குள் அரசியின் உருவமும் கணவர் ஹென்ரிக்கின் உருவமும் அருகருகே தெரியும்படி அமைத்தார்கள். ஆனால் தமக்கு அரசர் பட்டம் தரவில்லை என்ற மனத்தாங்கலால், அங்கே அடக்கமாக விரும்பவில்லை என்று 2017இலேயே ஹென்ரிக் அறிவித்துவிட்டார். மறு ஆண்டு அவர் இறந்தபோது சாம்பலில் ஒரு பாதி டேனிஷ் கடலில் கரைந்தது, மறுபாதி ஃபிரெடென்ஸ்போர்க் அரண்மனைத் தோட்டத்தில் அடங்கியது. அகலமாக வனையச் சொன்ன புறநானூற்றுப் பெண்ணின் குரலை நினைக்காமல் என்னால் இந்தப் பேழையின் படத்தைப் பார்க்க முடிவதில்லை. 2024 ஜனவரியில் அரியணையை மகனுக்குக் கொடுத்துவிட்ட அரசிக்காக அந்த இருவர் பேழை அங்கே நிற்கிறது. கண்ணாடியில் ஆனதைக் கற்பேழை என்று எழுத முடியாது. கண்ணாடி ஈமப்பேழை, பளிங்கு ஈமப்பேழை, சுடுமண் ஈமப்பேழை என்று எழுதும்போது மூன்றும் பொருந்துகின்றன.