கோல்டன் ஈக்லெட்ஸ்: பொருள், வேர், தமிழ்ச்சொல்

நைஜீரியாவோட அண்டர்-17 ஃபுட்பால் டீமுக்குதான் கோல்டன் ஈக்லெட்ஸ்னு பேரு. இத அவசரத்துல ஈகிள்ஸ்னு படிச்சிட்டு 'தங்கக் கழுகுகள்'னு எழுதினா டீமே மாறிப்போயிடும், ஏன்னா ஈகிள் வேற, ஈக்லெட் வேற.

ஈகிள்ங்கறது லத்தீன் 'அக்குவிலா', பிரெஞ்சு வழியா தேஞ்சு இங்கிலீஷுக்கு வந்த சொல்லு. ஈக்லெட்டோட வால்ல ஒட்டியிருக்கற 'எட்'டும் பிரெஞ்சு விகுதிதான், சின்னது, இளசுன்னு அர்த்தம். ஆக ஈக்லெட்னா கழுகோட குஞ்சு. நைஜீரியா அரசுச் சின்னத்து உச்சியில ஒரு சிவப்புக் கழுகு நிக்கும், ஃபுட்பால்லயும் அதே கழுகு மயம்தான். சீனியர் டீம் சூப்பர் ஈகிள்ஸ், அண்டர்-20 ஃப்ளையிங் ஈகிள்ஸ், அதுக்கும் கீழ ஈக்லெட்ஸ்.

குஞ்சுதானேன்னு லேசா நினைச்சிடாதீங்க. 1985ல சீனாவுல இந்த வயசுக்கான வேர்ல்ட் கப் முதல் தடவையா நடந்தப்பவே (அப்ப அது அண்டர்-16) ஃபைனல்ல மேற்கு ஜெர்மனிய 2-0ன்னு சாய்ச்சுட்டாங்க, அப்புறம் 1993, 2007, 2013, 2015னு மொத்தம் 5 கப், வேற எந்த நாடும் இத்தன தடவ ஜெயிச்சதில்ல. கானு, இஹெனாச்சோ மாதிரி பேர் வாங்கின ஆட்டக்காரங்க எல்லாம் இந்தக் கூட்டுலேந்து பறந்தவங்க. 2015ல சிலியில விக்டர் ஒசிம்ஹென் ஒரே டோர்னமென்ட்ல 10 கோல். ஆனா 2017ல இந்தியாவுல நடந்தப்ப குவாலிஃபையே ஆகல, நமக்குக் குடுத்து வைக்கல.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? 'பொன் கழுகுக் குஞ்சுகள்' அர்த்தப்படி கரெக்ட், ஆனா குஞ்சுன்னு ஹெட்லைன் போட்டா கமென்ட்ல பசங்க என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். தொல்காப்பியம் மரபியல்ல பறவையோட இளமைக்கு ரெண்டு பேர் இருக்கு, பார்ப்பு, பிள்ளை. பார்ப்புன்னா இன்னிக்கு யாருக்கும் புரியாது, பிள்ளை அப்படியில்ல, கிளிப்பிள்ளைன்னு இன்னும் வாயில இருக்கு, அதோட ஆடுறதும் சின்னப் பிள்ளைங்கதானே, ரெண்டு பக்கமும் பொருந்துது. அதனால என் ஓட்டு 'பொன் கழுகுப்பிள்ளைகள்'. 'இளங்கழுகுகள்' ஓகேதான், ஆனா அது அண்டர்-20க்கும் ஒத்துப்போயிடும்.

அண்டர்-17ங்கறதுலயும் ஒரு குழப்பம் உண்டு. 17 வயசு ஆனவன் ஆடக்கூடாதுன்னு அர்த்தமில்ல, பிறந்த வருஷத்த வச்சுதான் கணக்கு. 2015 போட்டிக்கு 1998 ஜனவரி 1 இல்லன்னா அதுக்கப்புறம் பிறந்திருக்கணும், அப்ப 17 முடிஞ்ச பையனும் உள்ள வரலாம். அதனால '17 வயதுக்குக் குறைந்தோர்'னு எழுதாதீங்க, '17 வயதுக்குட்பட்டோர்'தான் சரி. வயச மறைக்கிறாங்கன்னு புகார் வந்துட்டே இருந்ததால 2009 போட்டிலேந்து மணிக்கட்ட எம்ஆர்ஐ எடுத்து எலும்பு வளர்ச்சி முடிஞ்சிருக்கான்னு பாக்குறாங்க.

பொண்ணுங்க டீம் பேரெல்லாமும் பறவைதான். சீனியர் சூப்பர் ஃபால்கன்ஸ், அண்டர்-20 ஃபால்கனெட்ஸ், அதாவது வல்லூறும் அதோட பிள்ளையும், அதே 'எட்' விகுதி. அண்டர்-17 மட்டும் ஃபிளமிங்கோஸ், அதுக்கு நம்மகிட்ட பூநாரைன்னு ரெடியாவே இருக்கு, கோடியக்கரைக்கு வர்ற அதே பறவைதான். இந்தப் பூநாரைங்க 2022ல பொண்ணுங்க அண்டர்-17 வேர்ல்ட் கப்புக்கு இந்தியாவுக்கே வந்து, நவி மும்பைல ஜெர்மனிய பெனால்டில ஜெயிச்சு 3வது இடம் எடுத்துட்டுப் போனாங்க.