டிரம்பெட் 'வா' என்று சொல்வது எப்படி?

"பழைய ஜாஸ் ஒலிப்பதிவுகளில் டிரம்பெட் மனுஷக் குரலில் பேசுகிறதே, அது எப்படி?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அவர் காதில் விழுந்தது அமெரிக்க ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டனின் குழு. பேசியது பப்பர் மைலியின் டிரம்பெட்.

1927 டிசம்பரில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த காட்டன் கிளப்பில் எலிங்டன் வாசிக்கத் தொடங்கினார். மதுவிலக்குக் காலம், கிளப்போ ஓனி மேடன் என்ற தாதாவின் கையில். மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், மேசைகளில் வெள்ளையர்கள் மட்டும். மைலியின் உறுமலைக் 'காட்டு இசை' என்று சொல்லி விற்றார்கள். அந்தப் பெயர் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. ஏனென்றால் அந்த உறுமலில் இருந்தது நுட்பமான ஒலியியல்.

மைலியின் கருவி, அடைத்துக்கொண்ட சிங்க்கைக் குத்தித் திறக்கும் பிளஞ்சரின் ரப்பர் கிண்ணம். டிரம்பெட்டில் உதடு அதிர்கிறது, குழலுக்குள் நிலையலை உருவாகிறது, அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளும் கிளம்புகின்றன. இது பள்ளிப் பாடம். ஒலி வெளியேறும் அகன்ற வாயைக் கிண்ணத்தால் மூடினால் மேல் மடங்குகள் மங்கிவிடும். திறந்தால் பளிச்சென்று வெளிவரும்.

நம் வாயும் இதையேதான் செய்கிறது. உதட்டைக் குவித்து 'ஊ' என்றால் ஏறத்தாழ 300, 900 ஹெர்ட்ஸ் பக்கத்திலுள்ள அதிர்வுகள் வலுக்கும். வாயைத் திறந்து 'ஆ' என்றால் அவை 700, 1100 பக்கம் ஏறும். உயிரெழுத்தை நம் காது அடையாளம் காண்பது பெரும்பாலும் இப்படி வலுத்து நிற்கும் மேடுகளை வைத்துத்தான். ஆகவே கிண்ணம் மூடியிருக்கும்போது 'ஊ' போலவும், திறக்கும்போது 'ஆ' போலவும் கேட்கிறது.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். 'ஊ'விலிருந்து 'ஆ'வுக்கு நிறுத்தாமல் வழுக்கிப் பாருங்கள். நடுவே தானாக ஒரு 'வ்' முளைக்கும். பூ + அழகு = பூவழகு; உடம்படுமெய்! கிண்ணத்தைத் திறக்கும் கையும் அந்த வகர உடம்படுமெய்யைத்தான் போடுகிறது. டிரம்பெட் 'வா, வா' என்கிறது. எலிங்டன் குழுவில் டிரம்போன் என்ற நீண்ட பித்தளைக் குழலை வாசித்த 'டிரிக்கி சாம்' நான்டன், கிண்ணத்தோடு குழலுக்குள் இன்னொரு சிறு அடைப்பையும் செருகிக்கொள்வார். அதனால் மேல் அதிர்வுகள் தூக்கலாகி ஒலி 'இ'யை நெருங்கும், திறந்தால் 'யா'! மணி + அழகு மணியழகு ஆவது போல. இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்த விதி ஹார்லெமில் ஒரு பித்தளைக் குழலில் கேட்கிறது என்று முதன்முதலில் உறைத்தபோது, எலிங்டன் குழுவின் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

உறுமலுக்கு இன்னொரு காரணம் உண்டு. வாசிக்கும்போதே தொண்டைக்குள் முனகுவார்கள். உதடு 400 ஹெர்ட்ஸிலும் தொண்டை 150 ஹெர்ட்ஸிலும் அதிர்ந்தால், இரண்டும் உதட்டில் கலந்து 550, 250 என்று கூட்டலும் கழித்தலுமாகப் புதிய ஒலிகள் பிறக்கும். அந்தக் கரகரப்பு இதிலிருந்து வருவது.

இசை ஒலியியல் ஆய்வுக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் நம் ஊரில் நிறைய. காது எதை வைத்து ஒரு சொல்லை அறிகிறது என்பது தெரியாமல் காது கேளாதோருக்கான கருவியைச் செம்மையாக்க முடியாது. நாகஸ்வரத்தின் சீவாளிக்கும் தவிலின் தோலுக்கும் இங்கே தனி ஆய்வுக்கூடங்கள் வேண்டும்.

1929இல் மைலி குழுவை விட்டு விலகினார். காசநோயால் 1932இல் இறந்தபோது வயது 29. அவர் இடத்துக்கு வந்த கூட்டி வில்லியம்ஸுக்கு உறுமத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த நான்டனைக் கேட்டுக் கேட்டே அதைப் பிடித்துக்கொண்டார்.